மஞ்சள் கட்டம் போட்ட பாவாடை

அந்தத் துணியை இருட்டில் தொட்டுப் பார்த்தாலே தில்சியா அடையாளம் சொல்லிவிடுவாள். மஞ்சளும் கறுப்புமாய்க் கட்டம் போட்ட முரட்டுப் பருத்தி. விளிம்பில் வெள்ளை நாடா. அம்மா எசேபியா மரவள்ளி ரொட்டி சுட்டு முடித்த கையோடு உட்கார்ந்து, ஒரு மழைக்காலம் முழுக்கத் தைத்தது.

அது இப்போது இவெத் ரொதெஸ்னோவின் இடுப்பில் இருந்தது.

முழுசாகக்கூட இல்லை. கணுக்கால் வரை புரண்ட பாவாடையைத் தொடையோடு வெட்டியிருந்தார்கள். ரவிக்கை கச்சையாகச் சுருங்கியிருந்தது. மிச்சத் துணியைத் தலைப்பாகையாய் முறுக்கி, உச்சியில் ஒரு பிளாஸ்டிக் முரசைக் குத்தி வைத்திருந்தார்கள். ஒப்பனைக்காரி ஒருத்தி தரையில் உட்கார்ந்து, இவெத்தின் வெளுத்த கால்களில் பழுப்புப் பவுடரை அப்பிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கொஞ்சம் கறுப்பா போடு," என்றான் ஆடை வடிவமைப்பாளன் ஃபப்ரீசியோ, வாயில் கவ்விய குண்டூசிகளோடு. "லைட் அடிச்சா வெளுத்துடும்."

ஒப்பனை அறை வாசலில் நின்ற தில்சியா உள்ளே வந்தாள்.

"ஃபப்ரீசியோ, அது என் உடுப்பு."

குண்டூசிகள் ஒவ்வொன்றாக வாயிலிருந்து வெளியே வந்தன. பதில் தேட அவனுக்கு அவ்வளவு நேரம் தேவைப்பட்டது.

"என்னைக் கேக்காத தங்கம். நான் வெறும் கத்திரிக்கோல். எங்க வெட்டணும்னு சொல்றது மிர்த்தாலா மேடம்."

"எங்கம்மா தைச்சது."

"நல்லாத்தான் தைச்சிருக்காங்க. வெட்டறதுக்குள்ள கை விட்டுப்போச்சு."

இவெத் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். "நான் கேக்கல தில்சியா. குடுத்தாங்க, போட்டேன்."

"வேணாம்னு சொல்லியிருக்கலாமே."

"சொன்னா என்னையும் தூக்கிடுவாங்க. உனக்குத் தெரியாதா?"

தெரியும். ஹோண்டுராஸ் தேசிய அழகிப் போட்டியில் மிர்த்தாலா சூனிகா வைத்ததுதான் சட்டம் என்பது சான் பெத்ரோ சூலாவில் டாக்ஸி ஓட்டுபவனுக்குக்கூடத் தெரியும்.

இன்று கடைசி நாள். நாட்டு உடை வரிசைக்குக் கிடைக்கும் மதிப்பெண்ணை வைத்து ஐந்து பேரைப் பொறுக்குவார்கள். அந்த ஐந்தில் ஒருத்திக்குக் கிரீடம். கடலோரக் கறுப்பின மக்களான கரிஃபுனாக்களில் எந்தப் பெண்ணும் இதுவரை அந்த ஐந்துக்குள் வந்ததில்லை. கடற்கரையிலிருந்து யார் வந்தாலும் அவளுக்கென்று தோளில் போட ஒரு பட்டை தயாராக இருக்கும். 'தோழமை அழகி'. எல்லோரிடமும் நன்றாகப் பழகினாளாம். ஊரிலிருந்து போன நெரெய்தா வாங்கிக்கொண்டு வந்தாள். அதற்கு முன்னால் லூர்தெஸ் வாங்கிக்கொண்டு வந்தாள். தில்சியாவின் பூந்தா பியத்ரா கிராமத்தில் அந்தப் பட்டைகள் காலண்டருக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிச் சாயம் போய்க்கொண்டிருந்தன.

தில்சியா கிதி அதை வாங்க வரவில்லை. ஐந்துக்குள் போக வந்தாள். கிரீடத்தோடு ஊர் திரும்பத்தான் வந்தாள்.

அதற்காகத்தான், அவரவர் நாட்டு உடையைப் பார்வைக்கு அனுப்பச் சொன்னபோது அம்மா தைத்ததைக் கொடுத்தாள். அதற்காகத்தான், ஒத்திகையில் மிர்த்தாலா "இவெத்துக்கும் உங்க ஆட்டத்தைக் கொஞ்சம் கத்துக்குடு, எல்லாரும் சேந்து ஒரு பாட்டுக்கு ஆடப்போறீங்க" என்று சொன்னபோது சந்தேகப்படாமல் கற்றுக்கொடுத்தாள்.

"இடுப்பை எப்படி ஆட்டறதுன்னு காட்டு அவளுக்கு," என்று மிர்த்தாலா அவசரப்படுத்தினாள்.

"இடுப்பு ஆடறதில்ல மேடம். கால் ஆடுது. இடுப்பு பின்னாடியே வருது."

"ஏதோ ஒண்ணு. ஆடினா சரி."

எல்லாம் இப்போது புரிந்தது. திருடன் கையில் சாவியைக் கொடுத்து, பூட்டு எந்தப் பக்கம் திறக்கும் என்றும் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

மிர்த்தாலாவின் அறைக் கதவை அவள் தட்டவில்லை. திறந்தாள்.

மிர்த்தாலா ஒரு காலத்தில் அழகு ராணியாக இருந்தவள். இன்னும் அப்படியே உட்கார்ந்திருந்தாள், முதுகு நாற்காலியில் படாமல். "வா கண்ணு. உனக்கு வெச்சிருக்கிற கெத்சால் பறவை வேஷத்தைப் பாத்தியா? கொப்பான் பக்கத்து மாயா ஜனங்களோட பறவை. எத்தனை இறகு, எவ்வளவு பச்சை. இன்னைக்கு இருக்கறதுலயே உன்னோடதுதான் பெருசு."

"நான் கரிஃபுனா மேடம். கரிஃபுனா உடுப்பைக் கொண்டுவந்ததும் நான்தான்."

"அதுதாண்டி சிக்கல்." மிர்த்தாலா குரலில் கோபமே இல்லை; குழந்தைக்குக் கணக்குச் சொல்லித்தரும் பொறுமை இருந்தது. "நீ போட்டா அது நாட்டு உடையா தெரியாது. உங்க வீட்டு உடையா தெரியும். மீன் வாங்கப் போறவ வழி தப்பி மேடை ஏறின மாதிரி இருக்கும். அவ போட்டாத்தான் வேஷம். வேஷம்தான் கலை."

"அவ காலுக்குக் கறுப்பு பூசறாங்க."

"மேடைன்னா பூசத்தான் செய்வாங்க."

"பூசாமலே ஒருத்தி இருக்கேன் இங்க."

மிர்த்தாலா சிரித்தாள். "கருப்பழகி, வாய் நல்லா பேசற. அதனாலதான் உனக்குன்னு ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன். தோழமை அழகி. பட்டைல உன் பேரைக்கூட தைச்சாச்சு. சமர்த்தா இறகைக் கட்டிக்கிட்டு நட, வாங்கிக்கிட்டு ஊருக்குப் போ. மாட்டேன்னா சொல்லிடு. பஸ் ஸ்டாண்டு பக்கத்துலதான் இருக்கு."

தில்சியா கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வெளியே வந்தாள்.

மேடையின் இடது ஓரத்தில் முரசுகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். தூக்கியவர்களைப் பார்த்ததும் அவளுக்கு இன்னொரு அடி விழுந்தது. அம்மாவின் அண்ணன் க்ரிசாந்தோ. கஞ்சி போட்டு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. பக்கத்தில் பின்முரசு வாசிக்கும் செலீன்.

"ஏ பொண்ணு," என்றார் க்ரிசாந்தோ. "என்ன, மூஞ்சி கழுவாத மீன் மாதிரி நிக்கற? உங்கம்மா மேல் மாடியில காவல்காரன்கூட சண்டை போட்டு முதல் வரிசையைப் பிடிச்சிட்டா. ஊர்ல பாதி மேல உக்காந்திருக்கு. உனக்கு வாசிக்கத்தான் நம்மளக் கூப்பிட்டாங்கன்னு வழியெல்லாம் ஒரே பெருமை அவளுக்கு."

"எனக்கில்ல மாமா."

சொன்னாள். பாவாடையை வெட்டியதைச் சொன்னாள். பவுடரைச் சொன்னாள். பறவையைச் சொன்னாள்.

க்ரிசாந்தோ திரும்பினார். "செலீன், கட்டு முரசை. போலாம்."

"காலைலேர்ந்து ரெண்டு தடவை கட்டி ரெண்டு தடவை அவுத்தாச்சு," என்றார் செலீன். "மாமனும் மருமகளும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க. என் இடுப்பு உங்க சண்டைக்கு நேந்து விட்டதில்ல."

"இருங்க மாமா," என்றாள் தில்சியா. "நீங்க போனா ரெக்கார்டைப் போட்டுட்டு அவங்க பாட்டுக்கு நடத்திடுவாங்க."

"என் தங்கச்சி துணியை வெட்டி மாட்டிக்கிட்டு வர்றவளுக்கு நான் வாசிக்கணுமா?"

"வாசிங்க. எப்பவும் வாசிக்கிற மாதிரியே வாசிங்க. கூடவும் வேணாம், குறையவும் வேணாம்."

அவர் அவள் கண்ணைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து முன்முரசை முழங்கால்களுக்கு நடுவில் இழுத்துக்கொண்டார்.

கரிஃபுனா வீட்டில் நடக்கப் பழகும் குழந்தைக்கும் தெரிந்த விஷயம்தான் இது. பின்முரசு தாளம் பிடிக்கும், நெஞ்சடிப்பு மாதிரி, மாறாமல். முன்முரசுக்குச் சொந்தமாக ஒரு சொல்லும் கிடையாது. ஆடுகிறவளின் கால் என்ன சொல்கிறதோ அதைத்தான் அது சொல்லும். வாசிப்பவன் கண் கையில் இருக்காது, அவள் பாதத்தில் இருக்கும். முரசுக்கு ஆடுவது இல்லை, ஆட்டத்துக்கு முரசு. இவெத் ஒத்திகை பார்த்ததோ ரெக்கார்டுக்கு. அதில் உறைந்து கிடந்தவை முகம் தெரியாத வேறொருத்தியின் கால்கள். அதைத் துரத்தித் துரத்தி ஆடிப் பழகியிருந்தாள்.

மிர்த்தாலாவுக்கு முரசென்றால் முரசு. ரெக்கார்டில் வந்தால் என்ன, ஆள் வைத்து அடித்தால் என்ன.

"கோர்த்தெஸ் மாவட்டம்," என்று அறிவிப்பாளர் ஓல்மான் குரல் கொடுத்தார். "இவெத் ரொதெஸ்னோ. கரிஃபுனாக் கடல் தேவதை."

இவெத் தங்க நிறக் குதிகால் செருப்போடு மேடைக்கு வந்தாள். கீழ் வரிசைகள் கை தட்டின. மேல் மாடியில் ஒரு சத்தமும் இல்லை. அங்கே எசேபியா எழுந்து நின்றிருந்தாள். வெகு தூரம்தான். ஆனாலும் தன் தையலை அவள் பார்த்துவிட்டாள் என்பது, பக்கவாட்டுத் திரைக்குப் பின்னால் நின்ற தில்சியாவுக்கு அந்த நிற்பிலேயே தெரிந்தது.

பின்முரசு தொடங்கியது. தும். தும். தும்.

இவெத் கைகளை உயர்த்திப் புன்னகையோடு காத்திருந்தாள், ரெக்கார்டில் வரும் முன்முரசின் அழைப்புக்காக. க்ரிசாந்தோ அவள் கால்களைப் பார்த்துக் காத்திருந்தார். இருவரும் காத்திருந்தார்கள். தொலைக்காட்சிக் கேமரா கிட்டே வந்து பார்த்தது.

இவெத் இடுப்பை ஆட்டினாள். கால் நகரவில்லை. முன்முரசும் பேசவில்லை. பதறிப்போய் ஒரு அடி வைத்தாள். 'தக்' என்றது முரசு. அவள் திடுக்கிட்டு நின்றாள். முரசும் நின்றது. அவசரமாக ஒரு சுற்று சுற்றினாள்; குதிகால் வழுக்கியது; முரசும் அப்படியே வழுக்கி, தடுமாறி, எழுந்து நின்றது. மேல் மாடியில் யாரோ ஒருவன் சிரித்தான். பிறகு மாடி முழுக்கச் சிரித்தது. கொஞ்ச நேரத்தில் கீழேயும் சிரித்தார்கள்.

திரைக்குப் பின்னாலிருந்து மிர்த்தாலா கையை வீசி வீசிச் சைகை செய்தாள். க்ரிசாந்தோ நிமிரவேயில்லை. கோயிலில் உட்கார்ந்திருப்பவர் முகம் மாதிரி இருந்தது அவர் முகம்.

இனிக்கும் என்று நினைத்துத்தான் தில்சியா இதைச் செய்யச் சொன்னாள். இனிக்கவும் செய்தது, ஒரு வாய். அடுத்த வாய் கசந்தது. சபை சிரித்தது எதைப் பார்த்து? மஞ்சள் கட்டம் போட்ட துணியைப் பார்த்து. முரசைப் பார்த்து. 'கரிஃபுனா ஆட்டம்னா இதுதானா' என்று கீழ் வரிசையில் ஒருவர் பக்கத்து நாற்காலிக்காரரிடம் கேட்டது அவள் காதிலேயே விழுந்தது. மாடியில் அம்மா சிரிக்கவில்லை. உட்காரவும் இல்லை.

இதை இப்படியே விட்டுவிட்டுப் போக முடியாது.

இவெத் அழுதுகொண்டே உள்ளே ஓடிவந்தாள். கன்னத்துப் பவுடரில் இரண்டு வெள்ளைக் கோடுகள். "உன் மாமா வேணும்னே பண்ணாரு."

"அவரு உன் காலைத்தான் வாசிச்சாரு," என்றாள் தில்சியா.

முரசுகளைத் தூக்க இரண்டு ஆட்கள் மேடைக்கு வந்தார்கள். க்ரிசாந்தோ எழுந்திருக்கவில்லை. "முட்டி பிடிச்சிக்கிச்சுப்பா. கொஞ்சம் பொறு."

"கொலோன் மாவட்டம். தில்சியா கிதி. கொப்பானின் கெத்சால் பறவை."

மரிம்பா என்ற மரக்கட்டை வாத்தியத்தின் இசை ரெக்கார்டில் ஒலித்தது. முதுகில் கட்டிய இறகுச் சட்டம் இரண்டு பக்கமும் கதவு போல விரிய, தில்சியா நடந்து மேடை நடுவுக்கு வந்தாள். நின்றாள். தோள் வாரை அவிழ்த்தாள்.

சட்டத்தை வீசி எறியவில்லை. இறகு மடங்காமல் மெல்லத் தரையில் சாய்த்து வைத்தாள். அது வேறு ஜனங்களின் பறவை. அவர்களிடமும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பிறகு செருப்பைக் கழற்றினாள். உடம்போடு ஒட்டிய வெறும் பச்சை உடையில், வெறுங்காலில் நின்றாள்.

ஒரு மிதி.

முரசு அதே அழுத்தத்தில் ஒரு சொல் சொன்னது.

இரண்டு மிதி. இரண்டு சொல். மரிம்பா இன்னும் எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தது; பின்முரசு எழுந்ததும் அது கேட்காமல் போயிற்று. தில்சியாவின் தோள் அசையவில்லை, தலை அசையவில்லை. இடுப்புக்குக் கீழே மட்டும் கடல் கொந்தளித்தது. இழவு வீட்டின் ஒன்பதாம் நாளில் செத்தவர்களுக்காக ஆடிப் பிறந்த ஆட்டம் இது. அவள் அதைக் கோபத்துக்காக ஆடினாள். வெட்டிய பாவாடைக்கு ஒரு மிதி. பவுடருக்கு ஒரு மிதி. மீன் வாங்கப் போகிறவளுக்கு ஒரு மிதி. மாமா ஒன்றையும் தவறவிடவில்லை. குதிகால் பேசியதைக் குதிகாலாகவும் விரல் பேசியதை விரலாகவும் சொன்னார். மேல் மாடியில் எசேபியாவின் குரல் பாட்டை எடுத்தது. பெண்கள் பதில் பாடினார்கள். மாடிப் பலகை அதிர்ந்தது.

கீழ் வரிசையில் சிரித்தவர்கள் வாயை மூடியிருந்தார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

இடைவேளையில் மிர்த்தாலா அவளை ஒரு மூலைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவளுடைய முதுகு முதல்முறையாகக் கொஞ்சம் வளைந்திருந்தது.

"உடையை மேடையில அவுத்தது விதிமீறல். இந்த நிமிஷம் உன்னை வெளிய தள்ளலாம்."

"தள்ளுங்க."

"டிவிக்காரனுக்குப் போன் மேல போன் வருது. நடுவர்கள் உன்னை அஞ்சுக்குள்ள போட்டுட்டாங்க." அதைச் சொல்ல அவளுக்குப் பல் வலிப்பது போலிருந்தது. "சரி, போ. கிரீடம்கூட வரலாம், யார் கண்டா. ஆனா கேள்வி நேரத்துல நீ ஒண்ணு சொல்லணும். இவெத் ஆடினது, நீ ஆடினது எல்லாம் கமிட்டி போட்ட திட்டம். நாட்டு ஒற்றுமைக்காக. எங்களுக்கு நன்றி. அவ்வளவுதான். கேள்வியே அதுக்குத் தோதா வரும். சொல்லலேன்னா இறகை அவுத்ததைக் காட்டி உன்னைத் தூக்கிடுவேன். கிரீடத்தைக் கனவுலதான் பாப்ப."

ஐந்து பேரில் ஒருத்தி. இத்தனை வருஷத்தில் யாரும் தொடாத படி. நாலு வார்த்தை பொய் சொன்னால் அடுத்த படி.

"சரி மேடம்," என்றாள் தில்சியா.

மேடையில் ஐந்து பேர் நின்றார்கள். அவள் முறை வந்ததும் நடுவர்களில் ஒருவரான நரைத்த டாக்டர் கையிலிருந்த சீட்டைப் பார்த்துப் படித்தார். "இன்னைக்கு இந்த மேடையில உங்க மரபுக்குக் கிடைச்ச மரியாதைக்கு யாருக்கு நன்றி சொல்ல விரும்பறீங்க?"

திரைக்குப் பின்னால் மிர்த்தாலா தலையை ஆட்டி உற்சாகப்படுத்தினாள்.

தில்சியா மைக்கை வாங்கினாள்.

"எங்கம்மாவுக்கு. மேல நிக்கறாங்க பாருங்க. இவெத் போட்டிருந்த பாவாடையைத் தைச்சது அவங்கதான். எனக்குத் தைச்சாங்க. எங்கிட்ட வாங்கி, கேக்காம வெட்டி, அவளுக்குப் போட்டாங்க. நான் போட்டா மீன் வாங்கப் போறவ மாதிரி இருக்குமாம்."

தில்சியா மைக்கை வாய்க்கு இன்னும் கிட்டே கொண்டுவந்தாள்.

"இது ஒற்றுமைத் திட்டம்னு சொல்லச் சொன்னாங்க. திட்டம் எதுவும் இல்ல. எங்க துணி வேணும் இவங்களுக்கு. எங்க முரசு வேணும். எங்க நிறம்கூட வேணும், டப்பால அடைச்சு. நாங்க மட்டும்..."

மைக் செத்தது.

மிர்த்தாலாவின் கை ஒலிப்பலகைக்காரனின் தோளில் இருந்தது. தில்சியா மைக்கை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அதைத் தாழ்த்தினாள். படகு கரையேறும் நேரத்தில் அலைக்கு மேல் குரல் கொடுத்து மீன் விற்றவளின் மகள் அவள்.

"நாங்க மட்டும் வேணாம்," என்றாள். கடைசி வரிசைக்கும் கேட்டது. வீடுகளில் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத்தான் கேட்டிருக்காது. அறிவிப்பாளர் ஓல்மான் திரைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார், தன் மைக்கை அவள் வாய்க்கு முன்னால் நீட்டினார்.

"தோழமை அழகிப் பட்டைல என் பேரைத் தைச்சு வெச்சிருக்காங்க," என்றாள் அவள் அந்த மைக்கில். "பிரிச்சிடுங்க. நான் அதுக்கு வரல. கிரீடத்துக்கு வந்தேன். குடுக்கறதும் குடுக்காததும் உங்க இஷ்டம். நன்றி மட்டும் சொல்ல மாட்டேன்."

மேல் மாடி கைதட்டலில் இடிந்து விழுவது போலிருந்தது.

நடுவர்கள் நெடுநேரம் எடுத்துக்கொண்டார்கள். மிர்த்தாலா அவர்கள் மேஜைக்குப் போனாள், குனிந்து ஏதோ சொன்னாள். டாக்டர் நிமிராமலே கையால் விலகிப் போகச் சொன்னார். ஏழு பேரில் மூன்று பேர் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. நாலு பேர் போதும்.

"ஹோண்டுராஸ் தேசிய அழகி," என்றார் ஓல்மான், "கொலோன்."

முரசுகள் மறுபடியும் எழுந்தன. மாடிப்படியில் ஊர் ஜனம் காவல்காரர்களை ஒதுக்கித் தள்ளி இறங்கிக்கொண்டிருந்தது. முந்தைய ராணி கிரீடத்தை வைத்தாள், சரியாக உட்காரவில்லை. கேமரா பார்த்துக்கொண்டிருந்ததால் மிர்த்தாலாவே வந்து ஊசி குத்தினாள். உதடு விரிந்திருந்தது, வார்த்தை பல்லிடுக்கில் வந்தது.

"சிரிடி. நாடே பாக்குது."

"பாக்கட்டும் மேடம்."

புகைப்படக்காரர்கள் மேடை விளிம்பில் முட்டிமோதினார்கள். "அம்மணி, இந்தப் பக்கம். ஒரே ஒரு சிரிப்பு. நாளைக்கு முதல் பக்கம்."

தில்சியா அந்தப் பக்கம் திரும்பினாள். கேமராக்களை நேருக்கு நேர் பார்த்தாள். அவர்கள் விரல்கள் பொத்தானின் மேல் காத்திருந்தன. அவள் சிரிக்கவில்லை. கடைசியில், வேறு வழியில்லாமல், அப்படியே எடுத்தார்கள்.